நட்சத்திரக் குறிக்குக் கீழே

நுகர்வோர் வழக்கு என்றால் சீனியர் வக்கீல்கள் பெரும்பாலும் ஜூனியரை அனுப்பிவிடுவார்கள். தொகை சின்னது, வாய்தா அதிகம், சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கும் சுவாரசியமும் கிடையாது. இரு தரப்பும் பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்து, ஆவணங்களைக் குறியிட்டு, வாதத்தைச் சொல்லிவிட்டு வந்தால் வேலை முடிந்தது. 2008-ல் காவிரிப் படுகை மாவட்டம் ஒன்றின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் ஒரு நகைக்கடைக்காக நானே போய் நின்றேன் என்றால், கடை முதலாளி என் நெடுநாள் கட்சிக்காரர் என்பதுதான் காரணம். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. அதனால் எழுதும் முன் அவரிடம் கேட்டேன். "கடைப் பேரை விட்டுடுங்க, மத்ததை எழுதுங்க சார்" என்றார். ஊர்ப் பெயரையும் சேர்த்தே விட்டுவிடுகிறேன்.

மனுதாரர் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையலர். அட்சய திரிதியைக்கு முந்தின நாள் நாளிதழின் முதல் பக்கம் முழுக்க வந்திருந்த விளம்பரத்தைப் பார்த்துக் கடைக்குப் போனவர். மஞ்சள் பின்னணியில் ஒரு நடிகை, அவர் தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் 'சேதாரம் இல்லை', அந்த வாசகத்தின் தோளில் ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில், அச்சகத்தின் பெயர் போடுகிற அளவு எழுத்தில், இந்தச் சலுகை தங்கக் காசுகளுக்கு மட்டும் என்ற விளக்கம். மறுநாள் கடை விடியற்காலை 5 மணிக்கே திறந்துவிட்டது. டோக்கன், கயிறு கட்டிய வரிசை, வரிசையில் நிற்பவர்களுக்கு மோர். அந்த அம்மாள் மகளுக்காக 12 கிராமில் ஒரு சங்கிலி எடுத்தார். பில்லில் சேதாரம் 18 சதவீதம் என்று இருந்தது. அதாவது அவர் கழுத்துக்கு வராத 2 கிராமுக்கு மேற்பட்ட தங்கத்துக்கு, அன்றைய விலையில் 2,300 சொச்சம் ரூபாய். கேட்டபோது, காசு வாங்கினால்தான் சேதாரம் இல்லை என்றார்கள். பின்னால் இருந்த கூட்டம் தள்ளியது. பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டார்.

சங்கிலியின் தரத்தில் குறை ஏதும் இல்லை. ஹால்மார்க் அப்போது கட்டாயமில்லை. 2021-ல்தான் படிப்படியாகக் கட்டாயமானது. ஆனாலும் என் கட்சிக்காரர் முதலிலிருந்தே 916 முத்திரை போட்டு விற்றவர், அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. தங்கத்தில் கலப்படம் என்றால் உரைத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். சேதாரம் அப்படியல்ல. ஆசாரி பட்டறையில் அராவும்போதும் பற்றுவைக்கும்போதும் சிதறி வீணாகும் பொன்னுக்கு ஈடு என்று அதற்குப் பொருள். மிஷினில் பின்னிய சங்கிலியில் வீணாவது மிகக் குறைவு; அதுவும் தூளாகத் திரட்டப்பட்டு மறுபடி உருக்கப்படுகிறது. அப்படியானால் அந்த 18 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குக் கடையில் யாரிடமும் பதில் இருக்காது. அது விலையின் ஒரு பகுதி, அவ்வளவுதான். தங்கத்தின் கிராம் விலை எல்லாக் கடையிலும் ஒன்று. கடைக்காரர் கூட்டவோ குறைக்கவோ முடிகிற இடம் சேதாரமும் செய்கூலியும்தான். 'சேதாரம் இல்லை' என்ற வாசகத்துக்கு அத்தனை இழுப்புசக்தி வந்ததும் இதனால்தான். காசுக்கு எங்கே சேதாரம் என்று கேட்கலாம். மனுதாரரின் வக்கீலும் அதைத்தான் கேட்டார்: இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்வது என்ன சலுகை?

பதிலுரையில் நான் எழுதிய முதல் வாதம், சட்டக் கல்லூரி முதலாண்டு மாணவனுக்கும் தெரிந்தது. விளம்பரம் ஒரு வாக்குறுதி அல்ல, வாங்க வரும்படி ஓர் அழைப்பு மட்டுமே. கடையில் வந்து, நகையைப் பார்த்து, பில்லைப் படித்து, பணம் கட்டும்போதுதான் ஒப்பந்தம் பிறக்கிறது; பில்லில் சேதாரம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. எதிர்வக்கீல் எதிர்பார்த்தபடியே கார்லில் வழக்கை எடுத்தார். 1892-ல் லண்டனில் முடிந்த வழக்கு அது. எங்கள் புகை உருண்டையை முறைப்படி பயன்படுத்தியும் ஃப்ளூ வந்தால் 100 பவுண்டு தருகிறோம், எங்கள் நேர்மைக்கு அடையாளமாக 1,000 பவுண்டு வங்கியில் போட்டிருக்கிறோம் என்று ஒரு கம்பெனி விளம்பரம் கொடுத்தது. ஃப்ளூ வந்த பெண்மணி பணத்தைக் கேட்டார். விளம்பரத்தை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று கம்பெனி வாதாடித் தோற்றது. வங்கியில் பணம் போட்டதாகச் சொன்னவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது தீர்ப்பின் சாரம். எங்கள் கடை வங்கியில் எதையும் போடவில்லை என்று நான் சொன்னேன். மன்றத் தலைவர் சிரித்தார். அவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி, தேவையில்லாமல் சிரிக்கிறவர் அல்ல.

இரண்டாவது வாதத்தில்தான் என் பிடி தளர்ந்தது. 1986-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'முறையற்ற வணிக நடைமுறை' என்று சிலவற்றைப் பட்டியலிட்டிருந்தது. சலுகை விலையில் விற்கும் எண்ணமே இல்லாத பொருளைச் சலுகை விலை என்று விளம்பரம் செய்வதும் அதில் ஒன்று. அந்தப் பட்டியலுக்குள் எங்கள் விளம்பரம் வராது என்பதற்கு நான் நம்பியது 1989-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த லகன்பால் நேஷனல் வழக்கை. நோவினோ பேட்டரி, நேஷனல் பானசோனிக்கின் கூட்டுறவோடு தயாராவதாக விளம்பரம். உண்மையில் கூட்டாளி மட்சுஷிட்டா என்ற ஜப்பானிய நிறுவனம், மற்றவை அதன் வணிகப் பெயர்கள். வாசகம் துல்லியமாக இல்லாவிட்டாலும் மக்கள் ஏமாறவில்லை என்று உச்ச நீதிமன்றம் கம்பெனியை விடுவித்தது. எங்கள் விளம்பரத்திலோ ஒவ்வொரு சொல்லும் உண்மை, நிபந்தனையும் அச்சாகியிருக்கிறது என்றேன். எதிர்வக்கீல் அதே தீர்ப்பை என் கையிலிருந்து வாங்கி, அதே பத்தியைப் படித்தார். விளம்பரத்தில் பொய் இருக்கிறதா என்பதோடு பரிசோதனை நின்றுவிடவில்லை. அது சாதாரண மனிதரிடம் என்ன விளைவை உண்டாக்குகிறது என்றும் பார்க்க வேண்டும் என்று அங்கே இருந்தது. பிறகு நாளிதழின் பக்கத்தைப் பிரித்து மேசைமேல் வைத்து, நிபந்தனையைப் படிக்கும்படி என்னைக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துத்தான் படிக்க முடிந்தது.

விளைவு என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் இன்னும் தூரம் போனார். எங்கள் பதிலுரையில் ஒரு வரி இருந்தது: அட்சய திரிதியை அன்று தங்கம் வாங்குவது பண்டைக்காலம் தொட்டு மக்கள் பின்பற்றும் வழக்கம், அவ்வழக்கத்துக்கு எதிர்மனுதாரர் வசதி செய்து தருகிறார். இப்படி ஒரு வரி எழுதுவது எங்களுக்குக் கைப்பழக்கம். வழக்கம் என்று நீதிமன்றத்தில் சொன்னால் அது நெடுங்காலமாக, இடைவிடாமல், ஐயமின்றி இருந்துவந்தது என்று நிரூபிக்க வேண்டும். நிரூபியுங்கள் என்றார் அவர். அவர் கையில் ஒரு பழைய பஞ்சாங்கம் இருந்தது. அந்த நாளுக்கு நேரே திதியின் பெயர், தானத்துக்கு உகந்தது என்ற குறிப்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. கும்பகோணத்தில் அன்று பன்னிரண்டு பெருமாள்கள் கருட வாகனத்தில் எழுந்தருளுவது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். சமணர்கள் ஓராண்டு நோன்பை அன்று கரும்புச் சாறு அருந்தி முடிப்பதும் வழக்கம். எங்கள் வீட்டில் பாட்டி தயிர்சாதமும் விசிறியும் ஒரு பானைத் தண்ணீரும் தானம் கொடுப்பாள். கொடுக்க வேண்டிய நாள் என்றுதான் நானும் கேட்டு வளர்ந்தேன். அது வாங்க வேண்டிய நாளாக மாறியதை என் தலைமுறை தன் கண்ணாலேயே பார்த்தது. தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கி, பத்தே வருஷத்தில், திதி இரண்டு தேதிகளில் விழுந்தால் கடைகள் இரண்டு நாளும் விடியற்காலையில் திறக்கும் அளவுக்கு. ஆனால் நான் எதிர்மனுதாரரின் வக்கீல். நம்பிக்கை எப்போது பிறந்தது என்பது இந்த மன்றம் விசாரிக்க வேண்டிய பொருளல்ல, மனுதாரர் மனமுவந்துதான் வாங்கினார் என்று சொல்லி அந்தக் கதவை மூடினேன். சட்டப்படி அது சரியான வாதம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

அந்தக் கதவைத் தலைவரே கொஞ்சம் திறந்தார். மனுவோடு இணைத்திருந்த ஆவணங்களில் ஒரு நகைக்கடன் ரசீது இருந்தது. அந்த அம்மாள் 3 பவுன் வளையல்களைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து, அந்தப் பணத்தில் ஒன்றரைப் பவுன் சங்கிலி வாங்கியிருந்தார். தலைவர் ரசீதைப் பார்த்துவிட்டு, பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவரை எழுந்து நிற்கச் சொன்னார்.

"ஏம்மா, இருக்கற தங்கத்தை அடகு வச்சு யாராவது தங்கம் வாங்குவாங்களா?"

"அன்னைக்கு வாங்குனா வீட்ல தங்கம் சேரும்ங்கறாங்கய்யா. மூணு வருஷமா நாங்க வாங்கல. தெருவுல எல்லாரும் என்ன வாங்குனீங்கன்னு கேக்கறாங்க, புள்ளைக்குச் சங்கடமா இருக்கு."

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

"டிவில தான்யா."

இது பிரமாண வாக்குமூலம் அல்ல, அதனால் பதிவாகவில்லை. பதிவாகியிருந்தாலும் எந்தப் பிரிவின் கீழ் அதைக் கொண்டுவருவது? சேதாரம் இல்லை என்பது ஒரு கூற்று. அதை உண்மையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், பொய்யென்றால் தண்டிக்கலாம். இந்த நாளில் வாங்கினால் பெருகும் என்பதை எதோடு ஒப்பிடுவது? தெருவில் கேட்பார்கள் என்ற பயத்துக்கு யாரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது? அந்தத் தெருவில் இருந்தவர்களும் அதே விளம்பரத்தைப் பார்த்தவர்கள்தான். அந்த 2,300 ரூபாயைவிட அடகு வைக்கச் செய்த நம்பிக்கைதான் அவருக்கு அதிகச் செலவு வைத்தது. ஆனால் சட்டத்தால் எண்ண முடிந்தது அந்த 2,300-ஐத்தான்.

மனுவில் கேட்கப்பட்ட பரிகாரங்கள் நான்கு: சேதாரத் தொகை, மன உளைச்சலுக்கு 10,000 ரூபாய், வழக்குச் செலவு. இவை மூன்றும் வழக்கமானவை. நாலாவது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தவறான விளம்பரத்தின் விளைவைச் சரிசெய்ய, கடையின் செலவிலேயே திருத்த விளம்பரம் வெளியிடும்படி உத்தரவிட வேண்டும் என்பது. 2002-ல் கொண்டுவந்த திருத்தத்தில் மன்றத்துக்கு அந்த அதிகாரம் கிடைத்திருந்தது. சட்டப் புத்தகத்தில் 14-ம் பிரிவின் கடைசிப் பகுதியில் ஒண்டிக்கொண்டிருந்த அதை, எங்கள் மாவட்டத்தில் அதுவரை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. 100 ரூபாய் கட்டணம் கட்டிய ஒரு சத்துணவுச் சமையலர், முதல் பக்கம் முழுக்க வந்த விளம்பரத்துக்கு முதல் பக்கம் முழுக்க மறுப்பு கேட்கலாம் என்று சட்டம் சொன்னது. இளைஞரான எதிர்வக்கீல்மேல் எனக்கு அன்றைக்கு மரியாதை வந்தது.

முதலாளிக்கு இதை விளக்கிச் சொன்னபோது, அதுவரை கோர்ட்டுக்கே வராதவர், என் ஆபீஸுக்கு அன்று சாயங்காலமே வந்துவிட்டார். "எவ்வளவு வேணா குடுத்துடலாம் வக்கீல் சார். நாங்க போட்டது தப்புன்னு பேப்பர்ல நாங்களே போட்டா, அப்புறம் கடையைத் திறக்கவே வேண்டாம்." பிறகு, நான் கேட்காமலேயே, இன்னொரு கணக்கையும் சொன்னார். அவருடைய அப்பா காலத்தில் கடைக்கு விளம்பரம் என்றால் மஞ்சப்பையும் தினசரிக் காலண்டரும்தான். வாடிக்கையாளர் பரம்பரையாக வருவார்கள், சேதாரம் ஆளைப் பார்த்துச் சொல்லப்படும், பேரம் நடக்கும். பெரிய ஊர்க் கடைகள் கிளை திறந்து, டிவியில் நடிகையைக் காட்டத் தொடங்கிய பிறகு, பரம்பரை வாடிக்கையாளரின் பிள்ளைகளே அங்கே போனார்கள். இவரும் நடிகையைப் பிடித்தார், முதல் பக்கத்தைப் பிடித்தார். அந்தச் செலவை எடுக்க வேண்டிய இடமும் அதே சேதாரம்தான். "பில்லுல போடற சேதாரத்துல பாதி விளம்பரச் சேதாரம் சார்" என்றார். அதை மன்றத்தில் சொல்ல முடியாது என்று நான் சொன்னேன். அவர் சொல்லச் சொல்லவும் இல்லை.

சட்டம் இத்தகைய புகாரை நோட்டீஸ் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது. எங்கள் வழக்கு ஓராண்டைத் தாண்டியது. உறுப்பினர் பதவி காலி, கோரம் இல்லை, வாய்தா. அந்தத் தாமதத்துக்கு நடுவில் எதிர்வக்கீல் ஒரு கூடுதல் ஆவணம் தாக்கல் செய்தார். கடன் கெடு முடிந்துவிட்டது, வட்டியோடு கட்டாவிட்டால் வளையல்கள் ஏலத்துக்குப் போகும் என்று கூட்டுறவு வங்கி அனுப்பிய நோட்டீஸ். மன உளைச்சலை நிரூபிக்க அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. ஆனால் அதன் நகல் எனக்கும் வந்தது. ஏலத் தேதி அதில் இருந்தது. எதிர்த்தரப்பு எதுவரை காத்திருக்க முடியும் என்பது இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

தேதிக்கு ஒரு வாரம் முன்பு சமரசம் பேசினேன். கேட்ட தொகையை விட அதிகமாக, வளையல்களை வட்டியோடு மீட்கப் போதுமான பணம். பதிலுக்கு வழக்கை முடித்துக்கொள்ள வேண்டும், திருத்த விளம்பரம் கிடையாது. மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் எதிர்வக்கீலுக்கு நான் சொல்லத் தேவையில்லை: தீர்ப்பு வர இன்னும் சில மாதம், வந்தாலும் 30 நாளில் சென்னையில் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு, அங்கே எத்தனை வருஷம் என்பது யாருக்கும் தெரியாது. அவர் கட்சிக்காரரிடம் வராந்தாவில் ரொம்ப நேரம் பேசினார். அந்த அம்மாள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பேப்பரில் போடத்தான் கேஸே போட்டது என்றார்; என் காதில் விழுந்தது. கடைசியில் கையெழுத்துப் போட்டார். நானும் அவர் இடத்தில் இருந்தால் போட்டிருப்பேன். மெமோ தாக்கலாயிற்று, வழக்கு சமரசமாக முடிந்ததாக இரண்டு வரியில் உத்தரவு வந்தது. முதல் பக்க விளம்பரத்தின் நட்சத்திரக் குறி முறையானதா என்ற கேள்விக்கு அந்த மாவட்டத்தில் பதில் எழுதப்படாமலே போயிற்று. வழக்கு தொடுத்த ஒருவருக்குப் பணம் வந்தது. அன்றைக்கு அதே வரிசையில் மோர் குடித்துக்கொண்டு நின்றவர்கள் யாருக்கும் எதுவும் தெரியாது.

அந்த வழக்கால் நேரடியாக விளைந்த ஒன்று உண்டென்றால், அது எனக்குக் கிடைத்த புதிய வேலை. அடுத்த வருஷத்திலிருந்து முதலாளி விளம்பரம் அச்சுக்குப் போகும் முன் புரூஃபை எனக்கு அனுப்பத் தொடங்கினார். 'சேதாரம் இல்லை' போய், '3% முதல்' வந்தது. நிபந்தனையைக் கொஞ்சம் மேலே தூக்கி வைக்கச் சொன்னேன். தங்கம் பெருகும் என்ற வாசகத்தை எடுத்துவிட்டு, பெருகட்டும் என்று வாழ்த்தாக மாற்றச் சொன்னேன். வாழ்த்தைப் பொய் என்று யாரும் வழக்குப் போட முடியாது. விளம்பர ஏஜென்சிப் பையன்கள் என்னைச் சபித்திருப்பார்கள்.

சட்டம் பிறகு பலமானது. 2019-ல் இயற்றி 2020-ல் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வந்தது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம். விளம்பரத்தில் தோன்றும் நட்சத்திரங்களுக்கும் அது பொருந்தும், அவர்களை ஓராண்டு வரை வேறு விளம்பரத்தில் நடிக்கக் கூடாது என்றும் தடுக்கலாம். 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிமுறைகள் என் பழைய தொந்தரவுக்கு நேராகவே வந்தன: நிபந்தனை வாசகம், கூற்று எந்த மொழியில் எந்த எழுத்துருவில் இருக்கிறதோ அதிலேயே, கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். அந்த இளைஞர் மேசைமேல் நாளிதழை விரித்து என்னைப் படிக்கச் சொன்னபோது இந்த விதி இருந்திருந்தால், அவர் சமரசத்துக்கு வந்திருக்க மாட்டார். அவருக்கு நெறிமுறையின் பிரதியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இப்போது அவர் பெரிய வக்கீல், இந்த மாதிரி வழக்குகளுக்கு அவரும் ஜூனியரைத்தான் அனுப்புகிறார்.

விதி இறுகியதும் விளம்பரம் என்ன செய்தது என்பதை, புரூஃப் பார்க்கிறவன் என்பதால் நான் வருஷா வருஷம் கவனித்திருக்கிறேன். கூற்றுகள் குறைந்துகொண்டே வந்தன. சதவீதம் போயிற்று, நட்சத்திரக் குறி போயிற்று, நிபந்தனை எழுத வேண்டிய அவசியமே போயிற்று. பொய் என்று சொல்லத்தக்க ஒரு வரியும் இல்லாத விளம்பரத்தின்மேல் ஆணையம் எதற்கு நடவடிக்கை எடுக்கும்? சென்ற முறை வந்த புரூஃபில் குத்துவிளக்கு ஏற்றும் ஒரு பாட்டி, பக்கத்தில் பேத்தி, பேத்தியின் கழுத்தில் பாட்டி கட்டிவிடும் ஒரு சங்கிலி, கீழே கடையின் பெயரும் அட்சய திரிதியைத் தேதியும். டிவிக்கு ஒரு பாட்டும் போட்டிருந்தார்கள். என் பேத்தி அதற்குள் அதை முணுமுணுக்கிறாள். சட்டப்படி நான் அடிக்க வேண்டிய சொல் அதில் ஒன்றுகூட இல்லை. ஆட்சேபம் இல்லை என்று எழுதி அனுப்பினேன். முதலாளியின் மகன், இப்போது அவர்தான் கடையைப் பார்க்கிறார், போன் செய்து கட்டணம் எவ்வளவு என்று கேட்டார். வழக்கமான தொகையில் பாதி போதும் என்றேன்.